கம்பைநல்லூரில் மூழ்கிய படகு

கம்பைநல்லூரில் ஒரு படகு மூழ்கிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி புதன்கிழமை காலை எட்டேகால் மணிக்கு வந்தது. அன்பரசி அப்போது இரண்டாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

தர்மபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது. எப்போதோ இருந்ததாகப் பெருமை பேசுகிற ஆட்கள்கூட அங்கே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பெண் கடலோரக் காவல்படையில் அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தது சொந்தக்காரர்களுக்கு ஆறு வருஷமாக ஆறாத ஆச்சரியம். மண்டலத் தலைமையகத்தின் மீட்பு மையத்தில் உதவி கமாண்டன்ட் வேலை. வங்கக் கடலில் யார் ஆபத்தில் மாட்டினாலும் முதல் மணி அங்கேதான் அடிக்கும். ஒரு வாரம் மணிச் சத்தமே கேட்கக் கூடாது என்றுதான் அவள் விடுமுறை எடுத்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள்.

அழைத்தவர் அவளுடைய மேலதிகாரி, கமாண்டன்ட் செல்வின்.

"அன்பரசி, உங்க ஊரு கம்பைநல்லூர்தானே?"

"ஆமா சார்."

"அங்க கடல் இருக்கா?"

"நேத்து வரைக்கும் இல்ல சார்."

செல்வின் தூத்துக்குடிக்காரர். கடல் சம்பந்தப்பட்ட எதற்கும் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. விஷயத்தை நேராகச் சொன்னார். மீன்பிடிப் படகுகளில் அபாயக் கருவி ஒன்று இருக்கும். ஆபத்தென்றால் அதன் பொத்தானை அமுக்க வேண்டும். சேதி வானத்துக்குப் போய், படகின் எண்ணோடும் இடத்தோடும் மீட்பு மையத்தில் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று ராத்திரியாகக் கடலூர்ப் பக்கத்து ஃபைபர் படகு ஒன்றின் கருவி காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடுகிறது. கூப்பிடுகிற இடம் கம்பைநல்லூர்.

"படகுல மூணு பேருன்னு பதிவுல இருக்கு. அதுல இருக்கிற செல் நம்பர் மூணு நாளா சுவிட்ச் ஆஃப். விலாசத்துக்கு ஆள் அனுப்பினோம். வீடு மாறிப் போயிட்டாங்களாம். எங்கன்னு விசாரிச்சிட்டிருக்கோம். படகு கரையில நிக்குதுன்னா நிம்மதி. கடல்ல இருக்குன்னா நேரம் இல்ல. கிழக்க காத்தழுத்தத் தாழ்வு ஒண்ணு உருவாகிட்டு வருது. ரெண்டு மணிக்குள்ள விமானம் கிளம்பினாத்தான் வெளிச்சத்துல தேட முடியும். அந்தக் கருவியைப் பாத்ததும் அடையாளம் தெரியிற ஆள் அந்தப் பக்கம் நீங்க ஒருத்தர்தான். எனக்கு ஒரே பதில் வேணும். அந்தப் படகு கடல்ல இருக்கா, இல்லையா?"

அன்பரசி தோசையை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினாள்.

"என்ன பாப்பா, எங்க யுத்தம்?" என்றான் மாதேஷ். அக்காவின் புருஷன். தக்காளி ஏற்றுகிற குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். மைத்துனியைக் கிண்டல் பண்ணுவதை முழுநேர வேலையாகவும் வண்டி ஓட்டுவதைப் பகுதிநேர வேலையாகவும் செய்துவந்தான்.

"கம்பைநல்லூர்ல படகு முழுவுதாம் மாமா."

"எந்தக் கொல்லையில?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். வண்டிய எடுங்க."

வண்டியில் ஏறியதும் செல்வின் அனுப்பியிருந்த நேரங்களை அவள் படித்தாள். ஞாயிறு மாலை ஆறு முப்பத்திரண்டுக்கு ஆரம்பம், திங்கள் காலை ஆறு ஐந்துக்கு முடிவு. திங்கள் மாலை ஆறரை, செவ்வாய் காலை ஆறு. செவ்வாய் மாலை ஆறு முப்பத்தைந்து, இன்று காலை ஆறு பத்து.

"ஆபத்துன்னா இப்பிடித்தான் இருக்கோணும்" என்றான் மாதேஷ். "டைமுக்கு வந்து டைமுக்குப் போவுது. நம்ம சித்தேரி பஸ்ஸு இதுகிட்ட பாடம் படிக்கலாம்."

"முழுவுறவன் விடிஞ்சதும் பொத்தானை நிறுத்திட்டுப் பல்லு வெளக்கப் போவ மாட்டான் மாமா. இருட்டினா போடறாங்க, வெளிச்சம் வந்தா அணைக்கறாங்க. அது என்ன சாமான்னே தெரியாம யாரோ வெளக்கா வெச்சிருக்காங்க."

"வெளக்கா?"

"தலையில ஒரு வெள்ளை லைட்டு இருக்கும். பொத்தானை அமுக்கினா விட்டு விட்டு மின்னும்."

"அப்ப சுளுவு. சாயங்காலம் மொட்டை மாடியில நின்னு எங்க மின்னுதுன்னு பாத்தாப் போச்சு."

"சாயங்காலம் வரைக்கும் அந்த மூணு பேருக்கு நேரம் இல்ல."

மாதேஷ் வேகத்தைக் கூட்டினான். கருவி சொன்ன இடம் ஒரு மைல் சுற்றுவட்டத்துக்குச் சரியாக இருக்கும். கடலில் அது போதும், ஒரு மைலில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இருக்காது. கம்பைநல்லூரில் ஒரு மைலுக்குள் முந்நூறு வீடும் கொல்லைக்காடுகளும் ஒரு சந்தையும் இருந்தன. வீடு வீடாகக் கதவைத் தட்டினால் வியாழக்கிழமை ஆகிவிடும்.

"கடல்ல இருந்து நம்ம ஊருக்கு என்னென்ன வருது மாமா?"

"கருவாடு. அப்புறம் நீ."

சந்தையில் கருவாட்டுக் கடை சின்னம்மாளுடையது. பெரிய குரல், அதைவிடப் பெரிய நெற்றிப் பொட்டு. செல்லில் இருந்த படத்தைக் காட்டி, இந்த மாதிரி ஆரஞ்சு நிறச் சாமான் எதுவும் கருவாட்டு மூட்டையோடு வந்ததா என்று அன்பரசி கேட்டாள்.

"எங் கருவாட்டுல மண்ணுகூட இருக்காது. இதெங்க இருக்கும்? யாரு கண்ணு, கம்ப்ளெயிண்ட் குடுத்தது? அந்த நெத்திலிக்காரியா?"

"யாரும் குடுக்கலீங்க. கடல் பக்கம் இருந்து வேற யாராவது இங்க வர்றாங்களா?"

சின்னம்மாளின் முகம் சுருங்கியது. "கடலு வாசத்தோட இந்தச் சந்தைக்குள்ள வர்றது நான் ஒருத்திதான்னு இருந்தேன். சனிக்கெழம அந்தப் பழைய சாமான் லாரிக்காரன் மாரப்பன் வந்து பேரைக் கெடுத்துட்டான். பழைய மீன்வலைய மூட்டை மூட்டையா எறக்கி வெச்சான் பாரு, நாத்தம் தாங்கல. எங் கடைக்கு வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டு, என்னக்கா சரக்கு கெட்டுப்போச்சான்னு கேக்கறாங்க."

"மீன்வலை இங்க எதுக்குங்க?"

"பன்னிக்கு" என்றான் மாதேஷ். "மரவள்ளிக் கொல்லையச் சுத்திக் கட்டுவாங்க. காட்டுப்பன்னி காலு மாட்டிக்கும், உள்ள வராது. நீ கடலைக் காப்பாத்தப் போனப்புறம் வந்த பழக்கம்."

மாரப்பனின் எண்ணைச் சின்னம்மாளே கொடுத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டியெல்லாம் நிற்கிறது, அதில் அவனும் நிற்பான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். வலை வாங்கியவர்கள் யார் என்று கேட்டதற்கு, "நாத்தத்துல கண்ணையும் மூடிக்கிட்டேன்" என்றாள் சின்னம்மாள்.

மணி பத்தே முக்கால். அன்பரசி தலைமையகத்துக்குப் பேசினாள்.

"சார், கருவி பழைய வலை மூட்டையோட லாரியில வந்திருக்கும் போல. வலையை விக்கிறாங்கன்னா, படகையே கழிச்சுக் கட்டிட்டு, எல்லாத்தையும் மொத்தமா தள்ளிவிட்டிருப்பாங்கன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறேன்னு சொன்னா நான் விமானத்தை அனுப்பவும் முடியாது, வேண்டாம்னு சொல்லவும் முடியாது. கருவியைக் கையில எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததாலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாதேஷ் இரண்டு டீ சொன்னான். ஒவ்வொருவராகப் போய் வலை வாங்கினீர்களா என்று கேட்கப் போனவனைத் தடுத்துவிட்டு, அன்பரசி பொதுவாக ஒரு கேள்வியைக் கேட்டு வைத்தாள்.

"இந்தப் பக்கம் பன்னித் தொல்லை எப்பிடீங்க?"

அவ்வளவுதான். கடையே கொதித்தது. அரை ஏக்கர் மரவள்ளி போச்சு என்றார் ஒருவர். ஒரு ராத்திரியில் நிலக்கடலையை உழுது போட்டுவிட்டது என்றார் இன்னொருவர். வலை கட்டியும் நாயை விட்டும் வெடி போட்டும் பார்த்தாயிற்று, பன்னி வெடிச் சத்தத்துக்குப் பழகி, வெடி போட்டால்தான் வருகிறது என்றார் மூன்றாமவர். பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் கடைக்காரரும் தன் கொல்லையின் கதையைச் சொன்னார். மாதேஷ் சிகரெட் அட்டையில் பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்தான்.

"ஒம்போது பேரு பாப்பா. அதுல அஞ்சு பேரு வலை வாங்கியிருக்காங்க. யாரை மொதல்ல பாக்கலாம்?"

"வாயே தொறக்காத ஆளை."

மூலை பெஞ்சில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் டீயை அவசரமாக ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஊரே பன்னியைத் திட்டும்போது அவர் மட்டும் டம்ளருக்குள் பார்த்தபடி இருந்தார். முகத்தில் கவலை இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"அது பெரியண்ணன். அவருக்கும் மரவள்ளிதான், ரெண்டு ஏக்கரு" என்றான் மாதேஷ். "போன மாசம் இதே கடையில பன்னியால அழுதாரு."

பெரியண்ணன் டம்ளரை வைத்துவிட்டு மொபெட்டை உதைத்தார். குட்டியானை பின்னாலேயே போனது. துரத்தல் என்று சொல்ல முடியாது. அவர் இருபதில் போனார், இவர்கள் பதினெட்டில் போனார்கள். நடுவில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தபோது இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெரியண்ணன் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். மாதேஷ் அவருக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

கொல்லைமேட்டில் இறங்கியதும் பெரியண்ணன் கையைக் கூப்பிவிட்டார்.

"சாமி சத்தியமா நான் கரண்டு வேலி போடலீங்க மேடம். எந்தப் பன்னியையும் கொல்லலீங்க. நீங்க ஃபாரஸ்டு ஆபீசுதானுங்களே?"

"இல்லீங்க. நான் கடலோரக் காவல்படை."

பெரியண்ணன் மாதேஷைப் பார்த்தார். மாதேஷ் தலையாட்டினான். "நெசந்தாங்க. தப்பு நடந்தா எங்க இருந்தாலும் வந்துருவாங்க."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி அமுதவல்லி வெளியே வந்தாள். செல்லிலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"நம்ம மின்னுற டப்பாவைக் கேக்கறாங்கய்யா. ஏன் இப்பிடி நடுங்கற? சனிக்கெழம வாங்கின வலைய ஞாயித்துக்கெழம பிரிச்சமுங்க, உள்ள இருந்து உருண்டுச்சு. சும்மா அமுக்கிப் பாத்தாரு, பளிச்சு பளிச்சுன்னு மின்னுச்சு. கொல்லை நடுவுல கட்டிவிட்டம். மூணு நாளா ஒரு பன்னி எட்டிப் பாக்கலீங்க."

மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே ஒரு மூங்கில் கம்பு. அதன் உச்சியில், பழைய புடவைக் கரையால் கட்டப்பட்டு, கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி, அது தொங்கியது. ஆரஞ்சு நிறம், கறுப்பில் படகின் எண். செல்வின் சொன்ன அதே எண்.

மாதேஷ் கம்பைச் சாய்த்து அவிழ்த்துக் கொடுத்தான். அன்பரசி கருவியைத் திருப்பிப் பார்த்தாள். வயிற்றில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். குச்சி போன்ற ஏரியலில் ஒரு நூல் சுற்றியிருந்தது. அதில் கருகிப்போன சாமந்திப் பூ ஒன்று மிச்சம் இருந்தது.

"பன்னியை வெரட்டினதுக்காகப் பூசை போட்டீங்களா?"

"நாங்க போடலீங்க" என்றாள் அமுதவல்லி. "மூட்டைக்குள்ள இருந்து வர்றப்பவே பொட்டோடதான் வந்துச்சு. பொட்டு வெச்சிருக்குதே, நல்ல சாமானாத்தான் இருக்கும்னு தூக்கிப் போடாம வெச்சம்."

அன்பரசி அப்படியே நின்றாள். பிறகு திரும்பிக் குட்டியானையைப் பார்த்தாள். அதன் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஆயுத பூஜை முடிந்து பதிமூன்று நாள். மாவட்டத்தில் ஓடுகிற வண்டி ஒன்று விடாமல் அந்தப் பொட்டோடுதான் ஓடுகிறது.

"மாமா, ஒடச்சுப் போட்ட வண்டிக்கு நீங்க பூசை போடுவீங்களா?"

"ஓடற வண்டிக்கே உங்கக்கா திட்டினாத்தான் போடுவேன்."

"அதேதான். கழிச்சுக் கட்டின படகோட சாமானுக்கு யாரும் பூ சுத்த மாட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னால கூட இதை வெச்சுத் தொழில் பண்ணியிருக்காங்க. பூசைக்காகப் படகுல இருந்து எறக்கி வூட்டுல வெச்சிருக்காங்க. திரும்பி ஏத்தல." அவள் குரல் மாறியது. "நான் தப்பா நெனைச்சுட்டேன் மாமா. படகு நல்லாத்தான் இருக்கு. இது இல்லாமயே கடலுக்குப் போயிருக்கு. செல்லு மூணு நாளா செத்துக் கெடக்கறது அதனாலதான். நடுக்கடல்ல டவர் கெடையாது."

மாதேஷ் கையிலிருந்த கம்பைக் கீழே வைத்தான்.

மணி பன்னிரண்டு பத்து. செல்வின் முதல் மணியிலேயே எடுத்தார்.

"படகு கடல்ல இருக்கு சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பொட்டு இருக்கு சார்."

"விவரமா சொல்லுங்க. இதை நான் எழுதி மேல அனுப்பணும்."

சொன்னாள். செல்வின் குறுக்கே பேசாமல் கேட்டார். கடலோரத்தில் பிறந்தவருக்குப் பூஜைக்கு இறக்கிய சாமானைப் பற்றி அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"விமானத்தைத் தயார் பண்ணச் சொல்றேன். ஆனா கடல் பெருசு அன்பரசி. எப்பக் கிளம்பினாங்க, எந்தத் திசைன்னு தெரியணும். அது இல்லாமப் போனா கண்ணைக் கட்டிக்கிட்டுத் தேடற மாதிரிதான்."

மாரப்பனுக்கு ஆறாவது தடவை அடித்தபோது அவன் எடுத்தான். பின்னால் நூறு ஹாரன் சத்தம். கடலூர்ப் பக்கம் எந்த வீட்டில் வலை எடுத்தாய் என்று அவள் கேட்க, அவன் நாற்றத்தைப் பற்றிச் சின்னம்மாள் புகார் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துத் தன் நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தான். மாதேஷ் செல்லை வாங்கி, மரியாதை எதுவும் சேர்க்காத ஒரு வாக்கியம் சொன்னான். உடனே நம்பர் வந்தது. போன வியாழக்கிழமை வலை எடுத்தது ஒரே வீட்டில்தான், அந்த அம்மா பெயர் அஞ்சலாட்சி.

அஞ்சலாட்சி பாதி மணியிலேயே எடுத்தாள். செல்லைக் கையிலேயே வைத்திருந்தவள் மாதிரி.

"கடலோரக் காவல்படையிலிருந்து பேசறேன்மா. உங்க படகோட அபாயக் கருவி..."

அவ்வளவு சொன்னதுமே அழுகை வெடித்தது. "நாந்தாம்மா வித்துட்டேன். பூசைக்கு எறக்கி வெச்சது, பழைய வலை மேல கெடந்திருக்கு. நான் பாக்காம அப்பிடியே சுருட்டி ஏத்திவுட்டுட்டேன். பூசைக்கப்புறம் மொதத் தடவையா ஞாயித்துக்கெழம வெடியக்காலம் கெளம்பறப்ப எங்கடின்னு கேட்டாரு. தேடிப் பாத்தோம், கெடைக்கல. ரெண்டு நாளுதானேன்னு போயிட்டாரு. நேத்து காலையில வந்திருக்கணும். எம் புருசன், எங் கொழுந்தன், எம் பெரிய மவன்."

"நேத்தே யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்பிடிம்மா சொல்லுவேன்? இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்கன்னு கரையிலயே ஒக்காந்திருக்கேன். வரலைன்னு வாயால சொல்லிட்டா, நெசமாவே வராமப் போயிட்டா?"

அன்பரசி கேட்க வேண்டியதைக் கேட்டாள். தென்கிழக்கே, நாற்பது பாகம், அதாவது நாற்பது ஆள் ஆழம் வரை போவார்கள், நீலப் படகு, வெள்ளைக் கோடு. எல்லாவற்றையும் அப்படியே தலைமையகத்துக்குச் சொன்னாள். ஒன்றேகாலுக்கு விமானம் மேலே ஏறிவிட்டது என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. மீட்பு மையத்தில் இருந்தால் திரையையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே மரவள்ளிச் செடிதான் இருந்தது. அமுதவல்லி எல்லாருக்கும் களியும் கீரையும் போட்டாள். அன்பரசியால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பெரியண்ணன் மெதுவாக வந்து, அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றதும் கொல்லையை ஒரு முறை பார்த்தார். அவருக்கு ஒரு வருஷத்துச் சாப்பாடு அந்த இரண்டு ஏக்கரில்தான் இருந்தது.

"எங் குட்டியானைய இன்னிக்கு ராத்திரி இங்க நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டுவிடறேங்க" என்றான் மாதேஷ். "பன்னி வந்தா சைடு குடுத்துட்டுப் போயிரும்."

பெரியண்ணன் சிரிக்கவில்லை. கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது மின்னினா என்னாத்துக்குன்னு எனக்குத் தெரியாதுங்க மேடம். தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

"நல்லவேளை தெரியல" என்றாள் அன்பரசி.

நாலு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது செல்வின் கூப்பிட்டார். அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். நீலப் படகு, வெள்ளைக் கோடு, இன்ஜின் நின்றுபோய் மிதந்துகொண்டிருக்கிறது. துடுப்பில் கைலியைக் கட்டி ஆட்டுகிறார்கள். விமானத்திலிருந்து எண்ணிப் பார்த்தார்கள், மூன்று பேர். மூன்று பேர். பக்கத்திலிருந்த ரோந்துக் கப்பல் படகை நோக்கித் திரும்பிவிட்டது, இருட்டுவதற்குள் போய்ச் சேரும்.

அன்பரசி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே அஞ்சலாட்சிக்குப் பேசினாள். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகு நெடுநேரம் அந்தப் பக்கத்திலிருந்து அழுகை மட்டும்தான் வந்தது.

"பாவி நான், அதை விக்காம இருந்திருந்தா..."

"விக்காம இருந்திருந்தா அது உங்க வூட்டு மூலையில பொட்டோட சும்மா கெடந்திருக்கும்மா. படகு போனதும் எங்களுக்குத் தெரியாது, வராததும் தெரியாது. நீங்க வித்தீங்க. இங்க ஒருத்தரு வாங்கி அமுக்கினாரு. அதனாலதான் நாங்க தேடினோம்."

அஞ்சலாட்சி, "அவருகிட்ட குடும்மா" என்றாள்.

பெரியண்ணன் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு செல்லை வாங்கினார். கடல் பக்கத்து மனுஷியோடு அவர் இதுவரை பேசியதில்லை. அந்தப் பக்கம் அவள் அழுதாள். அவர் மனைவியைப் பார்த்தார், மாதேஷைப் பார்த்தார், கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டார்.

"சாப்புட்டீங்களா ஆத்தா?"

நேற்றுக் காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை.

"மொதல்ல போயிச் சோத்தைப் போட்டுக்கிட்டு வந்து ஒக்காருங்க. நீங்க சாப்புட்டு முடிக்கற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

செல்லைக் காதில் வைத்தபடியே அவர் வரப்பில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டதும் தலையை ஆட்டினார். அன்பரசி தன் செல்லைத் திரும்பக் கேட்கவில்லை.